பக்கம் இரண்டு எங்கே?

ராசாத்தாளின் மர பீரோவில் மூன்று பொருள்கள் இடம் மாறாமல் இருக்கும். அவளுடைய கூறைப்புடவை, காலமான கணவர் பொங்கியண்ணனின் கைக்கடிகாரம், ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சை ஃபைல். வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை உடுத்த ஒரு சேலை எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தாள். கூறைப்புடவை இருந்தது, கடிகாரம் இருந்தது. ஃபைலைக் காணோம்.

அந்த ஃபைலின் கதை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் நாலு வரி. அறுபத்திரண்டு வயது ராசாத்தாளுக்குப் பெருங்குடலில் கட்டி. ஐந்து வாரங்களுக்கு முன்பு கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து, கட்டியோடு சேர்த்து ஒரு சாண் குடலை அறுத்து எடுத்தார்கள். எடுத்ததை லேபில் பார்த்துவிட்டு, 'புற்றுநோய்தான், ஆனால் இரண்டாம் நிலை' என்று ரிப்போர்ட் வந்தது. மகன் கிருபாசங்கர் அதை வாங்கி வந்து, "கட்டியோட போச்சுங்கம்மா. கீமோ எல்லாம் வேண்டாம்னுட்டாங்க" என்றான்.

தையல் பிரித்த கையோடு ராசாத்தாள் கருப்பராயன் கோயிலுக்குப் போய்ப் பூக்கேட்டாள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். "இத்தோட நோய் தீந்துச்சா கருப்பராயா?" என்று கேட்டாள். நல்ல வாக்கான வெள்ளை வந்தது. கையோடு ஒரு கிடாயை நேர்ந்துவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குச் சொந்தபந்தம் அத்தனைக்கும் சொல்லியாகிவிட்டது.

வீட்டில் இந்த நல்ல செய்தியை முழுசாக நம்பாத ஒரே ஆள் மருமகள் லோகப்பிரியா. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்த இடத்தில், "அத்தை, ஆறே ஆறு பாத்துட்டு எப்படிங்க ரெண்டாம் நிலைன்னு சொன்னாங்க?" என்று ஒரு கேள்வி கேட்டாள். நல்ல வாக்கு வந்த வீட்டில் இப்படி ஒரு பேச்சா என்று ராசாத்தாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். நாலு நாளாக மாமியார் மருமகளோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைத் தொழுவத்தில் கட்டியிருக்கும் கிடாயிடம் சொல்கிறாள். மருமகள் கேட்டுக்கொள்கிறாள்.

இன்று காலையிலும் லோகப்பிரியா கிடாயைப் பார்த்துத்தான், "மில்லுக்குப் போய்ட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

"அம்மா, எப்படி இருக்கறீங்க? ஒடம்பு பரவால்லீங்களா?"

வாசலில் ரசாக். லோகப்பிரியா வேலை பார்க்கும் நூல் மில்லின் வேனை ஓட்டுகிறவன்.

"எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கறேன். ஏன் இந்நேரத்துக்கு இங்க நிக்கற? பிரியாவை ஏத்திட்டுப் போகலையா?"

"அக்கா இன்னைக்கு லீவுங்களே! ஏழரைக்குக் கோயமுத்தூர் பஸ்ல ஏறினதைப் பாத்தேனுங்க. கையில பச்சை ஃபைல் இருந்துச்சு. உங்களுக்குத்தான் மறுபடியும் முடியலையோனு நெனச்சுப்போட்டேன். அதான் எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

ராசாத்தாள் எதையும் முகத்தில் காட்டவில்லை. ரெண்டு தேங்காயை எடுத்து அவன் கையில் கொடுத்து, பிள்ளைகளை விசாரித்து, வேன் தெரு முனை திரும்புகிறவரை நின்று வழியனுப்பினாள். கொங்கு நாட்டில் வீடே இடிந்து விழுந்தாலும் வந்தவரை உபசரித்து அனுப்பிய பிறகுதான் அழுவார்கள்.

உள்ளே வந்ததும் பெருந்துறையில் இருக்கும் மகள் அக்ஷயாவுக்குப் போன் போட்டாள்.

"ஃபைலைத் தூக்கிட்டா போனாங்க?" அக்ஷயாவின் குரல் சட்டென்று உயர்ந்தது. "எதுக்கும்மா? அண்ணி என்னத்தையோ மனசுல வெச்சுட்டுத்தான் சுத்தறாங்க. போன மாசம் சுந்தராபுரத்துல வாடகைக்கு ஊடு பாத்தாங்களா இல்லையா? உனக்கு நோய் பெருசுனு எழுதி வாங்கிட்டா, 'ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருக்கோணும்'னு சொல்லி எல்லாரையும் டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமில்ல? ஒடனே அண்ணனைக் கூட்டிட்டுப் போய் அந்த ஃபைலைப் பிடுங்கிட்டு வாம்மா."

அக்ஷயா பொல்லாதவள் இல்லை. பெருந்துறையில் இருந்துகொண்டு கிணத்துக்கடவு வீட்டை நடத்துகிறவள், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பின்னால் தேங்காய் மட்டை உரிக்கும் களத்தில் நின்றிருந்த கிருபாசங்கரிடம் ராசாத்தாள் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் மாறியது. பெண்டாட்டி சொல்லாமல் போனதற்கா அந்த மாற்றம் என்று ராசாத்தாள் அப்போது யோசிக்கவில்லை.

"ஃபைல் முழுசையுமா எடுத்துட்டுப் போனா?"

"பின்னே பாதியையா எடுத்துட்டுப் போவா? காரை எடு சாமி."

"ஞாயித்துக்கிழமை விசேஷம் முடியட்டுமுங்கம்மா. அப்பறம் நான் கேட்டுக்கறேன்."

"காரை எடுங்கறேன்."

எடுத்தான். ஒத்தக்கால்மண்டபம் வருவதற்குள் அவன் போன் மூன்று முறை அடித்தது. திரையில் 'பிரியா' என்ற பெயர் மின்னியது. மூன்று முறையும் பார்த்தான், எடுக்கவில்லை.

"எடுத்துப் பேச வேண்டியதுதானே?"

"வண்டி ஓட்டறேன்லங்கம்மா."

ஈச்சனாரியில் பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட ராசாத்தாள், மகனைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் ஒரு கையால் ஸ்டியரிங்கும் மறு கையால் போனுமாக ஓட்டுகிற பிள்ளைக்கு இன்றைக்கு என்ன திடீர் ஒழுக்கம் வந்தது என்று தோன்றியது. ஆனால் அவள் மனசு முழுக்க மருமகள் மேல் இருந்தது. அதனால் அந்தச் சின்னக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டாள்.

லோகப்பிரியா அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், லேபுக்கு முன்னால் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மில்லில் அவளுக்குத் தரப் பரிசோதனை வேலை. ஒரு லாட் நூல் வெளியே போக வேண்டுமென்றால் நூல் சுற்றிய இத்தனை கோன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒன்று குறைந்தாலும் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். சூப்பர்வைசர் கெஞ்சுவார், திட்டுவார், அவள் அசைய மாட்டாள். அப்படிப்பட்டவளின் கண்ணில்தான் ரிப்போர்ட்டின் அந்த வரி பட்டது. 'பரிசோதித்த நிணநீர் நெறிகள்: 6. புற்றுநோய் உள்ளவை: 0.'

எல்லோரும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அவள் ஆறைப் பார்த்துச் சந்தேகப்பட்டாள்.

அதோடு இன்னொன்று. காகிதத்தின் அடி மூலையில் 'பக்கம் 1 / 2' என்று இருந்தது. இரண்டாம் பக்கம் ஃபைலில் இல்லை. அதை யார் எடுத்திருப்பார்கள்? மாமியார் படித்துவிட்டுப் பயந்து ஒளித்திருப்பாரோ? போன மாதம் மூன்று முறை வந்துபோன அக்ஷயாவின் வேலையோ? ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். கணவன் பெயர் மட்டும் அந்த வரிசையில் வரவே இல்லை. புருஷன்களுக்கு அப்படி ஒரு வசதி இருக்கிறது.

காலையில் முதலில் மாடிக்குப் போய் ஆபரேஷன் செய்த டாக்டரைப் பார்த்தாள். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். "மூணு வாரம் முன்னாடியே வரச் சொல்லியிருந்தேனே? அப்பாயின்ட்மென்ட்டை ஏன் கேன்சல் பண்ணினீங்க?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருந்ததே லோகப்பிரியாவுக்குத் தெரியாது. அவர் லேபுக்கு இரண்டு வரிக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

"லோகப்பிரியா யாருங்க?"

லேப் டாக்டர் பிரீத்திகா வெளியே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கடிதத்தைப் படித்தவள், அப்பாடா என்பதுபோல் ஒரு மூச்சு விட்டாள்.

"இந்தக் கேள்வியைக் கேட்டு யாராவது வருவாங்கன்னு ஒரு மாசமாப் பாத்துட்டு இருக்கேங்க. நெறிக்கட்டுனு சொல்றோமில்ல, அந்த நெறி குறைஞ்சது பன்னெண்டாவது பாக்கணும். எனக்கு ஆறுதான் கிடைச்சுது. அதை ரெண்டாம் பக்கத்துல தெளிவா எழுதியிருந்தேனே, பாக்கலீங்களா?"

"ரெண்டாம் பக்கம் எங்க கைக்கு வரலீங்க."

"வந்துச்சேங்க. ரெண்டையும் பின் பண்ணித்தான் குடுத்தோம்."

வீட்டில் ஒரு திருடன் இருக்கிறான் என்பது லோகப்பிரியாவுக்கு இப்போது உறுதியாகிவிட்டது.

"எடுத்த குடலும் அதைச் சுத்தின கொழுப்பும் இன்னும் எங்ககிட்டதான் இருக்கு, மருந்துத் தண்ணியில போட்டு வெச்சிருக்கோம்" என்றாள் பிரீத்திகா. "ரிப்போர்ட் குடுத்து முப்பது நாள் வெச்சிருப்போம். இன்னைக்கு முப்பதாவது நாள். நாளைக்குக் காலைல கழிவு எடுக்கிற வண்டி வந்தா போயிரும். அதுக்கப்பறம் நான் நினைச்சாலும் பாக்க முடியாது. இந்த ஃபாரத்துல கையெழுத்து மட்டும் வேணும். நோயாளி போடலாம், இல்லைன்னா ரத்த சொந்தம் போடலாம்."

"நான் மருமகளுங்க."

"மருமகள் ஆகாதுங்களே. இங்க அப்படித்தான் விதி. பையனுக்குப் போன் பண்ணிப் பாருங்க."

மூன்று முறை பண்ணினாள். எடுக்கவில்லை. ஊருக்குப் போய் மாமியாரிடம் கேட்கலாம் என்றால், கிடாயிடம் கேட்ட மாதிரிதான். பிரீத்திகா வேறு வேலையாக உள்ளே போனாள். ஃபாரமும் பேனாவும் லோகப்பிரியாவின் மடியில் இருந்தன. மாமியாரின் கையெழுத்து அவளுக்குத் தெரியும். ரேஷன் கடை, பேங்க், பாஸ்புத்தகம் என்று நூறு இடத்தில் பார்த்திருக்கிறாள். எழுத்துக் கூட்டி எழுதுவது போலப் பெரிது பெரிதாக, 'பொ. ராசாத்தாள்'.

ஒரு கோன் குறைந்தால் லாட்டை நிறுத்துகிறவள், இன்னொருத்தி கையெழுத்தைப் போடப் பேனாவைத் திறந்தாள். 'பொ' என்று எழுதி, புள்ளியும் வைத்துவிட்டாள்.

"என்ற பேரை நீ எழுதறயா அம்மணி?"

நாலு நாளைக்குப் பிறகு மாமியார் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

லோகப்பிரியா எழுந்து நின்றாள். ராசாத்தாள் மாடியில் விசாரித்துவிட்டுப் படியிறங்கி வந்த மூச்சு வாங்கலோடு, வயிற்றைக் கையால் தாங்கியபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் கிருபாசங்கர்.

"தப்புத்தானுங்க அத்தை. வேற வழி தெரியலீங்க."

"என்ன வழி தெரியலை? ரெண்டுனு எழுதுனதை மூணுனு மாத்தி வாங்கறதுக்கு வழி தெரியலையா? என்னைப் படுக்கையில தள்ளிப்போட்டு டவுனுக்குக் குடி போகோணும், அதானே?"

லோகப்பிரியாவுக்குக் கண் நிறைந்தது. "சுந்தராபுரத்துல ஊடு பாத்தது நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப வந்து போக வசதிக்குங்க. அதுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

சத்தம் கேட்டு பிரீத்திகா வெளியே வந்தாள். நிலைமையைப் புரிந்துகொள்ள அவளுக்கு அரை நிமிஷம் ஆனது. ராசாத்தாளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அம்மா, இவங்க சொல்லி நான் நிலையை மாத்த முடியாதுங்க. என் இஷ்டத்துக்கும் எழுத முடியாது. மூணு விஷயத்தைப் பாத்துத்தான் நிலை சொல்றோம். கட்டி குடலோட சுவர்ல எவ்வளவு ஆழம் போயிருக்கு? பக்கத்துல இருக்கிற நெறிக்குப் போயிருக்கா? கல்லீரல், நுரையீரல்னு தூரத்துக்குப் போயிருக்கா? உங்களுக்குக் கட்டி சுவரைத் தாண்டியிருக்கு. தூரத்துக்குப் போகலை, அது ஸ்கேன்லயே தெரிஞ்சுது. நடுவுல இருக்கிற நெறிதான் கேள்வி. ஒரு நெறியிலகூட இல்லைன்னா ரெண்டாம் நிலை. ஒண்ணே ஒண்ணுல இருந்தாலும் மூணாம் நிலை."

"பாத்துட்டுத்தானே ரெண்டுன்னீங்க?"

"பாத்த வரைக்கும் ரெண்டுங்க. நெறி ஒண்ணொண்ணும் பயறு அளவுதான் இருக்கும். கொழுப்புக்குள்ள புதைஞ்சு கிடக்கும். கையால தடவித் தடவித்தான் எடுக்கணும். அன்னைக்கு எங்களுக்கு ஆறு கிடைச்சுது. அந்த ஆறும் சுத்தம். மிச்சம் எத்தனை இருக்கு, எப்படி இருக்குன்னு தெரியாதுங்க."

ராசாத்தாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க களத்துக்குத் தேங்காய் வாங்க வர்ற வியாபாரியும் அப்படித்தான். அம்பாரத்து மேல இருந்து ஆறு காயைத் தட்டிப் பாத்துப்போட்டு, எல்லாம் நல்ல காயின்னு சொல்லிட்டு லோடு ஏத்துவான்."

"அதேதானுங்கம்மா."

"அவன் கை படற எடத்துல நல்ல காயா அடுக்கி வெக்கறது நான்தான்."

பிரீத்திகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த லோகப்பிரியாவுக்கும் வந்தது. ராசாத்தாள் சிரிக்கவில்லை. அம்பாரத்தின் அடியில் என்ன கிடக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"நீங்க தேடப் போயி, நோய் ஏறிருச்சுன்னா?"

"தேடறதால நோய் ஏறாதுங்கம்மா. இருந்தா இப்பவும் இருக்கு. தெரிஞ்சா மருந்து ஏத்தலாம். ஆபரேஷன் முடிஞ்சு எட்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது. உங்களுக்கு அஞ்சு வாரம் முடிஞ்சுது. இன்னும் நேரம் இருக்கு."

"இவ்வளவு இருக்குதுல்ல, அப்பறம் ஏன் அப்பவே சொல்லலை நீங்க?" ராசாத்தாளின் குரலில் பழைய சூடு திரும்பியது. சந்தேகப்பட ஆரம்பித்த மனசு, ஒரு இடத்தில் இருந்து எழுந்தால் இன்னொரு இடத்தில் உட்காரத்தான் பார்க்கும்.

"சொன்னேனுங்களே. ரிப்போர்ட்டோட ரெண்டாம் பக்கத்துல எழுதினேன், அது ஃபைல்ல இல்லைன்னு இவங்க இப்பத்தான் சொன்னாங்க. அது போதாதுன்னு, ஃபாரத்துல இருந்த நம்பருக்கு நானே கூப்பிட்டும் சொன்னேன். உங்க பையன்கிட்டத்தான் பேசினேன். 'வீட்டுல கலந்துட்டுச் சொல்றேங்க'ன்னாரு. அப்பறம் கூப்பிடவே இல்லை."



ராசாத்தாள் திரும்பி மகனைப் பார்த்தாள். லோகப்பிரியாவும் பார்த்தாள். கிருபாசங்கர் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தான். அது லேப் ஊழியர்கள் கையுறை அணிய வேண்டும் என்கிற நோட்டீஸ்.

"சாமி, இந்தப் புள்ள உனக்குப் போன் பண்ணுச்சா?"

"பண்ணுனாங்கம்மா."

"எப்ப?"

"நீங்க கோயில்ல இருந்தப்பங்கம்மா. வெள்ளைப் பூவைக் கையில வெச்சுட்டு வெளிய வந்தீங்க. ஆபரேஷனுக்கு அப்பறம் அன்னைக்குத்தான் மொத மொத சிரிச்சீங்க." அவன் நோட்டீஸிலிருந்து கண்ணை எடுத்தான். "அந்த நேரத்துல போன்ல இதைச் சொல்றாங்க. எனக்கு வாய் வரலீங்கம்மா. சாமியே சொல்லிருச்சு, விடுன்னு விட்டுட்டேன்."

"டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டைக் கேன்சல் பண்ணினதும் நீங்கதானா?" என்றாள் லோகப்பிரியா.

அவன் தலையை ஆட்டினான்.

ராசாத்தாள் கையை நீட்டி மருமகளிடம் ஃபாரத்தைக் கேட்டாள். 'பொ' வையும் புள்ளியையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னோடதை விட நல்லாத்தான் எழுதியிருக்கற" என்றாள். அடித்துவிட்டுப் புதிதாக எழுதுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலேயே, பெரிது பெரிதாக, மிச்சப் பெயரை எழுதி முடித்தாள்.

திரும்பும்போது ராசாத்தாள் முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிருபாசங்கர் டிரைவரைப் போலத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தான்.

உக்கடம் தாண்டியதும் ராசாத்தாள் கேட்டாள். "அந்த ரெண்டாம் பக்கம் எங்க?"

கிருபாசங்கர் ஒரு கையை உயர்த்தி, வெயிலுக்கு மறைக்கும் தட்டிக்குப் பின்னால் இருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினான். ஒரு மாதமாக அவன் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. லோகப்பிரியா அந்தக் காரில் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறாள்.

மலுமிச்சம்பட்டி வந்தபோது ராசாத்தாள் அந்தக் காகிதத்தை ஃபைலுக்குள் வைத்தாள்.

"பிரியா, கோயில்ல நான் பூக்கேட்டப்ப நீ பக்கத்துல தானே நின்னுட்டு இருந்தே?"

"ஆமாங்க அத்தை."

"அக்ஷயா கல்யாணத்துக்கு எத்தனை தடவை கேட்டேன்?"

"மூணு தடவைங்க."

"போர் போடறதுக்கு?"

"அதுக்கும் மூணுங்க. மூணுல ரெண்டாவது வெள்ளை வந்தாத்தான் எந்திரிப்பீங்க."

"என்ற உசுருக்கு ஒரே தடவை கேட்டுப்போட்டு எந்திரிச்சுட்டேன்." ராசாத்தாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "ரெண்டாவது தடவை சிவப்பு வந்துருமோனு பயம். நீ கவனிச்சயா அதை?"

"கவனிச்சேனுங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"எனக்கும் அந்த ஒண்ணே போதும்னு இருந்துச்சுங்க அத்தை. ஊட்டுக்கு வந்து ரெண்டு வாரம் கழிச்சுத்தான் மனசு உறுத்துச்சு."

ராசாத்தாள் மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் அதைப் பார்த்த கிருபாசங்கருக்கு, நம்மையும் யாராவது ஏதாவது திட்டமாட்டார்களா என்று இருந்தது. யாரும் திட்டவில்லை.

வீட்டுக்கு வந்து, சாயங்காலம் ஐந்தரை மணி சுமாருக்கு லோகப்பிரியாவின் போன் அடித்தது. தொழுவத்தில் மூன்று பேரும் இருந்தார்கள்.

"இன்னும் பதினோரு நெறி கிடைச்சிருக்குங்க" என்றாள் பிரீத்திகா. "ஆக மொத்தம் பதினேழு. ஸ்லைடு போட்டுப் பாத்துட்டுத் திங்கக்கிழமை சாயங்காலம் சொல்றேன்."

"டாக்டர், கையில எடுக்கும்போது எப்படிங்க இருந்துச்சு?"

எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி.

"ஸ்லைடு பாக்காம நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க."

லோகப்பிரியா போனை வைத்தாள். சரக்கில் குறை இல்லையென்றால் பரிசோதகர்கள் அதைச் சொல்ல யோசிப்பதில்லை. இது அவளுக்குத் தெரியும்.

"என்ன சொன்னா?"

"திங்கக்கிழமை சொல்றேன்னாங்க."

"அது சரி. கடைசியா நீ கேட்ட கேள்விக்கு என்ன சொன்னா?"

மறைக்கலாம். மறைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் காலையில் இருந்து பார்த்தாயிற்று.

"பதில் சொல்லலீங்க அத்தை."

ராசாத்தாள் தலையை ஆட்டிக்கொண்டாள். வயிற்றுத் தழும்பின் மேல் கை தானாகப் போனது. பிறகு கிடாயின் கயிற்றை அவிழ்த்து, புல் அதிகமாக இருந்த பக்கம் மாற்றிக் கட்டினாள்.

"கிருபா, ஞாயித்துக்கிழமை விருந்து இல்லைன்னு எல்லாருக்கும் சொல்லிப் போடு. ஏன்னு கேட்டா பொய் சொல்லாதே. அம்மாவுக்கு இன்னும் பாத்து முடியலைன்னு சொல்லு. மொதல்ல அக்ஷயாவுக்குப் போடு. அவ காலைல இருந்து பயந்துட்டு இருப்பா."

கிருபாசங்கர் போனை எடுத்துக்கொண்டு களத்துப் பக்கம் நகரப் பார்த்தான்.

"இங்கயே நின்னு பேசு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடு."

"எதுக்குங்கம்மா..."

"போடு சாமி. இனிமே இந்த ஊட்டுல தனியாப் போய்ப் பேசற பேச்சு வேண்டாம்."

அவன் தயங்கித் தயங்கி ஸ்பீக்கரை அழுத்தினான். இரண்டாவது முறை மணி அடிப்பதற்குள் அக்ஷயா எடுத்தாள்.

"அக்ஷயா, ஞாயித்துக்கிழமை விருந்தை நிறுத்தறோம்..."

அவன் முடிக்கவில்லை. அக்ஷயா இடைமறித்துவிட்டாள்.

"அப்ப அண்ணி கண்டுபிடிச்சுட்டாங்களா? நான் அன்னைக்கே தலைப்பாடாச் சொன்னேனே அண்ணா, அந்த ரெண்டாம் பக்கத்தை வெச்சுட்டுச் சுத்தாதே, கிழிச்சுப் போட்டுருன்னு! அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். நீ தனியாத்தானே பேசறே?"

கிருபாசங்கர் கண்ணை மூடிக்கொண்டான். காலையில் அக்ஷயா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், 'ஃபைலைப் பிடுங்கிட்டு வாம்மா' என்றது உட்பட, ராசாத்தாளுக்கு இப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. ரத்த சொந்தம் கையெழுத்துப் போடலாம் என்று எழுதியிருந்த ஃபாரமும் ஞாபகம் வந்தது.

அவள் கையை நீட்டி மகனிடமிருந்து போனை வாங்கினாள்.

"அம்மா பேசறேன் கண்ணு" என்றாள். "சொல்லு. உனக்கு எப்பத் தெரியும்?"